பழுப்பு ஏறாத துண்டு

14.3.2006
என் மனைவி ரங்காத்தாளின் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. எடுத்த சதையில் ஒரு புரதம் இருந்தால் அவளுக்கு மாத்திரை கேட்குமாம். இல்லாவிட்டால் மாத்திரை வீண். லேப் டாக்டர் வேல்விழி விளக்கினார்.

"ஆன்டிபாடின்னு ஒண்ணுங்க. அந்தப் புரதத்தை மட்டும் போய்ப் பிடிக்கும். பிடிச்ச இடம் பழுப்பாத் தெரியும்."

"பாலிகாட்டன் துணிக்குப் பருத்திச் சாயம் போட்டா, பருத்தி மட்டும் ஏறும், பாலியெஸ்டர் வெள்ளையா நிக்கும். அப்படித்தானுங்களே?"

சிரித்துவிட்டார். இருபது வருடமாகச் சாயம் விற்கிறேன், இது கூடவா தெரியாது?

17.3
லேபிலிருந்து போன். "நெகட்டிவ்ங்களா?" என்று நான் சத்தமாகக் கேட்டுத் தொலைத்தேன். ரங்காத்தாள் காதில் விழுந்துவிட்டது.

"சக்கரை டெஸ்ட்லயும் நெகட்டிவ்னாத்தான நல்லது!" என்று கேசரி கிண்டிவிட்டாள். மாத்திரை கேட்காது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? இரண்டு கிண்ணம் தின்றேன்.

18.3
இன்னும் சொல்லவில்லை. கேசரியும் தீரவில்லை.

20.3
கண்ணால் பார்க்காமல் சரக்கை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லையே நான்! லேபுக்குப் போய் அந்தக் கண்ணாடித் துண்டைக் காட்டச் சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் வெளிர் நீலம்தான். பழுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. ஒரு லாட் முழுக்க வெளுத்து வந்தால் துணியையா முதலில் குறை சொல்வோம்?

"ஏனுங்க டாக்டர், கண்டிப்பா ஏறும்னு தெரிஞ்ச துண்டு ஒண்ணை இதுகூடவே போட்டீங்களா?"

"எப்பவும் போடுவோமுங்க." எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இதுலயும் ஏறலீங்க. இதைப் பார்க்காமயே ரிசல்ட் சொல்லிட்டாங்க. மன்னிச்சுக்குங்க."

"அப்ப துணி மேல குத்தமில்லீங்க. சாயத்தைப் பாருங்க."

புது ஆன்டிபாடியில் மறுபடி போடுகிறார்கள். ஏறுமா? ஏறட்டும், சாமி.

24.3
ஏறிவிட்டது! வேல்விழி கூப்பிட்டுக் காட்டினார். வரிசை வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள். இத்தனை வருடத்தில் இப்படியொரு ஷேடு நான் விற்றதில்லை.

ஊட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். முறைத்தாள்.

"ஒரு வாரமா மறைச்சுட்டு, கேசரிய வேற வழிச்சுத் தின்னீங்களே! அப்ப பாசிட்டிவ்தான் நல்லதுங்களா?"

"இதுக்கு மட்டும் நல்லது புள்ள. தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருசம்."

"அப்ப நீங்களும் அஞ்சு வருசம் சிகரெட்ட உடோணும். சம்மதம்னாத்தான் மாத்திரைக்கு வாயத் தொறப்பேன்."

மூன்று வருடம் என்று கேட்டுப் பார்த்தேன். தினம் ஒன்று என்று கேட்டுப் பார்த்தேன். எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன், இவளிடம் செல்லவில்லை. முடிந்தது இப்படி: அவளுக்குத் தினம் ஒரு மாத்திரை, எனக்கு ஒரு சிகரெட்டும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஐந்து வருடம்.