இரண்டு கிலோவாட் போதும்

மார்ச் 9, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். கரண்டு பில் வந்தாயிற்று. இரண்டு மாதத்துக்கு 4,870. பகலிலும் ஏசி ஓடுகிறதே. அது இல்லாமல் இவருக்கு ஒரு மணி நேரம்கூடக் கண்ணயர முடியவில்லை.

பில்லைப் பார்த்ததிலிருந்து சோலார், சோலார் என்று ஒரே ஜபம். "நாலரை வருஷத்துல போட்ட பணம் திரும்பிடும் ஜெயா. அப்புறம் ஓசிக் கரண்டுதான்."

நாலரை வருடம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஆறு மாதம், மிஞ்சினால் எட்டு. கணையத்தில் புற்று. இவரிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தலையாட்டிவிட்டு அரிசி களையப் போனேன்.

வாங்க: பால், பச்சைப்பயறு, மாத்திரை (பச்சை அட்டை), சலவை சோப்பு.

மார்ச் 11, செவ்வாய்

சோலார் கம்பெனியிலிருந்து பிஜு வந்தார், மலையாளி. மொட்டைமாடியை அளந்தார். பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் விழாதாம்.

3 கி.வா.: இரண்டு லட்சம். மானியம் 78,000, பிறகு பாங்க் கணக்கில் வரும்.
2 கி.வா.: ஒரு லட்சத்து நாற்பது. மானியம் 60,000.

"ஏசி உண்டல்லோ மாமி, மூணு வேணும். ரெண்டு போட்டா பின்னையும் பில் வரும், கேட்டோ."

இவர் உடனே அவர் பாஷையிலேயே, "ரெண்டு மதி." போதுமாம்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிடிவாதம். வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று எழுதித் தர பிஜு ஒரு படிவம் கொடுத்தார். தானே நிரப்புவதாக இவர் வாங்கி வைத்துக்கொண்டார். ராத்திரி கஞ்சி அரை டம்ளர்தான் இறங்கியது.

மார்ச் 14, வெள்ளி

புனேயிலிருந்து மகள் மாலதி போன். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குன்னு வச்சிருக்கற டெபாசிட்டை உடைச்சு சோலாராம்மா? இப்போ போய் யாருக்கு?"

"ஆசைப்படறார்டீ. வேண்டாம்னா ஏன்னு கேப்பார். என்ன சொல்ல, நீயே சொல்லு."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பத்தரைக்கு பாங்க் போனேன். நீண்ட வரிசை. முதிர்வுக்கு முன்னால் உடைத்ததால் வட்டியில் பிடித்துக்கொண்டார்கள். போகட்டும். குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. சண்டை போட்டேன்.

"செலவுன்னு ஆனப்புறம் இதுல என்ன கஞ்சத்தனம்? மூணே போடுங்கோளேன்!"

"வேண்டாம். தேவையில்லை."

"அஞ்சு பைசாவுக்குக் கணக்குப் பாக்கற புத்தி எப்பத்தான் போகுமோ!" என்று கத்திவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். சீக்காளியோடு மல்லுக்கு நிற்கிறேனே, என்ன ஜன்மம் நான். மூன்று என்று எழுதினால் இவர் இருந்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அதை எப்படிச் சொல்வது?

மோட்டார் மறுபடி தகராறு. பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

படிவத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி பிஜுவிடமிருந்து இரண்டு மெசேஜ். இணைப்பு என் பெயரில், கையெழுத்தும் நான்தான் போட வேண்டும். இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தலைமாட்டில் படிவம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தார்.

ஃபேன் - 1
லைட் - 3
ஃபிரிட்ஜ் - 1
மிக்ஸி - 1
மோட்டார் - 1
இண்டக்ஷன் அடுப்பு - 1 (புதுசா வாங்கணும், சிலிண்டர் நகர்த்த ஆள் தேட வேண்டாம்)
ஏசி - வெறும் கோடு.

"ஏன்னா, ஏசி விட்டுப்போச்சே."

கண்ணைத் திறக்கவில்லை.

"உனக்குத்தான் ஏசி ஆகாதே, ஜெயா."

கையெழுத்துப் போட்டேன். அனுப்பியாயிற்று. 2 கி.வா.