உள்ளே ஒரு குட்டி மிளகாய்

இன்று காலை மோர் மிளகாய் போட உட்கார்ந்தேன். மாடி வீட்டுத் தோழி நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. உன் செடியின் விதையில் முளைத்த செடிகள்தான், அதே மொட்டை மாடியில், நீ வைத்துவிட்டுப் போன பெயின்ட் வாளிகளில். இத்தனை நாளும் நேரான, ஒழுங்கான காய்களாகத்தான் காய்த்தன. இன்று ஒரு காயைக் கீறும்போது கத்தி எதிலோ தட்டியது. விரித்துப் பார்த்தேன். விதைகளுக்கு நடுவில், வெளிறிய பச்சையில், ஒரு குட்டி மிளகாய் உட்கார்ந்திருந்தது.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் இன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவேண்டும். என் மார்பில் ஒரு கட்டி. அதில் ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவைத்தான் சொல்லப்போகிறார்கள். எதிரே லேப்டாப்பும் கையுமாக இருந்த என் மகள் அந்தக் காயைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்துப்போனது. உன் கதை அவளுக்கும் தெரியுமே.

அந்த டிசம்பரில் உன் செடியில் ஒரே ஒரு கிளைக்கு மட்டும் கோணல் புத்தி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரே காம்பில் ஒட்டிப் பிறந்த இரண்டு காய்கள், நுனி மூன்றாகப் பிரிந்த ஒன்று, பக்கவாட்டில் மூக்கு நீண்ட ஒன்று. மொட்டை மாடியிலிருந்து நீ கத்தினாய்: "ஏ ஸ்டெல்லா, மேல வாயேன்! நம்ம ஹவுஸ் ஓனர் செடியில காச்சுத் தொங்குறாரு!" பெங்களூர் காக்ஸ் டவுனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். குளிர் அதிகமானால் மிளகாய் இப்படிக் கோணிக்கொள்ளும் என்று நர்சரிக்காரர் சொன்னார். அப்போது நீயும் அதை நம்பினாய்.

அந்த மாதமே உன் வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஏதோ இருக்கிறது என்று சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில்தான் வழக்கம்போல நாம் இருவரும் மோர் மிளகாய்க்கு உட்கார்ந்தோம். அந்தக் கோணல் கிளையின் காயைக் கீறியபோது உள்ளே ஒரு குட்டி. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எனக்குள்ளயும் இப்படித்தான் ஒண்ணு உக்காந்திருக்குமோடி?"

"வாயைக் கழுவு!" என்று கத்தினேன். உனக்கு எங்கே கேட்டது? மறுநாளிலிருந்து தினமும் காலையில் அந்தக் கிளையில் ஒரு காயைப் பறித்துக் கீற ஆரம்பித்தாய். வெறும் விதையாக இருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டு படியிறங்குவாய். குட்டி இருந்தால் நான் கொடுத்த காபி ஆறிப்போகும். ஸ்கூலில் சயின்ஸ் சொல்லிக்கொடுத்தவள் செய்கிற வேலையா இது என்று உன்னைத் திட்டுவேன். திட்டிவிட்டு, கையில் ஜெபமாலையோடு வாசலில் நின்று, நீ எப்படி இறங்குகிறாய் என்று பார்ப்பேன். நானும் அந்தக் கிளையை நம்பத் தொடங்கியிருந்தேன்.

முடிவு சொல்கிற நாளன்று மாடிக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். உன் மடியில் போன், கையில் ஒரு காய். வேண்டாம் என்றேன். கீறினாய். உள்ளே குட்டி இருந்தது, அதுவரை பார்த்ததில் பெரியது. பிடுங்கித் தெருவில் எறியக் கையை நீட்டினேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குட்டியைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே மென்றாய்.

"காரமே இல்லடி. சும்னே பயந்துட்டோம்."

சும்மா என்பதை நீ கன்னடத்தில் சும்னே என்றுதான் சொல்வாய். இருமவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "சரி டாக்டர்... சரி டாக்டர்" என்று மட்டும் சொன்னாய். கெட்ட செய்திதான் என்று எனக்குப் புரிய அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த மழைக்காலம் வரை இருந்தாய். உன் தலைமுடி கொட்டியபோதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தனியாக உட்கார்ந்திருந்தபோதும் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். காரமே இல்லை. பயந்தது அவ்வளவு பெரிதில்லை. நீயே மென்று பார்த்துச் சொன்னதாயிற்றே.

"தூக்கிப் போடும்மா அத" என்றாள் இன்று என் மகள். அவள் குரல் உடைந்திருந்தது. நான் குட்டியைக் கிள்ளி வாயில் போட்டேன்.

அடிப்பாவி! நாக்கில் பட்டது, காது வரை எரிந்தது. இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு உனக்கும் இப்படித்தானே எரிந்திருக்கும்? எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அந்த நேரத்திலும் என்னை ஏமாற்றியிருக்கிறாய். உன்னைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. கண் கலங்காமல் எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று கேட்க இப்போது நீ இல்லை.

"என்னம்மா, காரமா?"

இருமலை விழுங்கினேன். நீ என்னைப் பார்த்த மாதிரியே அவளைப் பார்த்தேன்.

"காரமே இல்ல கண்ணு. சும்னே பயந்துட்டோம்."

அவள் மூச்சு விட்டாள். லேப்டாப்பை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன் இன்னும் வரவில்லை. என் வாய் இன்னும் எரிகிறது. அவள் மீதிக் காய்களைக் கீறி மோரில் போட்டுக்கொண்டிருக்கிறாள், ஒன்றின் உள்ளேயும் எட்டிப் பார்க்காமல்.