வெள்ளிக்கிழமைச் சத்தம்

கீழ்ப்பிரிவு லயம்,
லுணுகலை.

அன்பு மகள் தனுஜாவுக்கு அப்பா ரெங்கசாமி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ கட்டாரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், சுவருக்கு அந்தப் பக்கம் பூவம்மா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் இத்ரூஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தங்கச்சி துஷாந்தினியின் பிரஷர் எந்த மாத்திரைக்கும் இறங்கவில்லை. இந்த வயதில் இப்படி இருக்கக் கூடாதே என்று பதுளை ஆஸ்பத்திரியில் றிஸ்னி என்ற டொக்டர் அம்மா அவளைப் படுக்க வைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குப் பிறகு சாயம் ஏற்றி இன்னொரு படம். சிறுநீரகங்களுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இரண்டு பக்கமும் சுருங்கிப்போயிருக்கின்றன. படத்தில் பாசிமணி கோத்ததுபோல் தெரிந்தது. அந்த நெருக்கலில் இரத்தம் சீறிப் போகும் சத்தம்தான் வெளியே கேட்கிறது. மேல்வீட்டார் பைப்பில் கட்டையைச் செருகியபோது தண்ணீர் கேட்டு நான் தோட்டத்து ஒப்பீசையே கலக்கினேன் அல்லவா? இரத்தம் போதாத சிறுநீரகமும் அப்படித்தான் கூச்சல் போட்டு, உடம்பு முழுக்கப் பிரஷரை ஏற்றிவிடுகிறதாம்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. தொடையிடுக்கில் ஒரு மெல்லிய குழலை விட்டு, சுருங்கின இடத்தில் சின்ன பலூனை ஊதி விரித்துவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். வயிற்றைக் கிழிக்கிற வேலை இல்லை. கொழும்பில் நாளும் கொடுத்துவிட்டார்கள், அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை. அவள் வரமாட்டேன் என்கிறாள். ஏன் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா பெரியாயிக்கும் அந்தச் சத்தம் இருந்தது. அவள் வயிற்றில் தலை வைத்துத் தூங்கியவள் நீ, மறந்திருக்கமாட்டாய். உள்ளே யாரோ உட்கார்ந்து அடுப்பு ஊதுவது போலக் கேட்கும். அன்றிருந்த தோட்டத்து மருந்துக்காரர் தலைவலி மாத்திரை கொடுத்தே காலத்தைத் தள்ளினார். நாற்பதைக் காணாமல் அவள் தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு சாய்ந்தாள். அந்த மனுசனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

இப்போது அந்தச் சத்தம் துஷாந்தினியிடம். பூவம்மாதான் முதலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அடியே, பெரியாயிக்கா வந்துட்டாடி!" என்று கும்பிட்டாளாம். அன்று பிடித்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் பிள்ளையைப் பாயில் கிடத்தி, பெண்கள் ஒவ்வொருத்தியாகக் காதை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். சத்தம் கூடினால் ஆமாம், குறைந்தால் இல்லை. ஒருத்தி தொலைத்த தோடு அரிசி வாளிக்குள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். சத்தம் கூடியது. வாளியைக் கவிழ்த்தால் தோடு இருந்தது. அதிலிருந்து மேற்பிரிவு ஆட்களும் வருகிறார்கள். நீயும் போனை அவள் வயிற்றில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டாயாம். என்ன கேட்டாய் என்று நான் விசாரிக்கவில்லை.

வியாழக்கிழமை அவளுடைய மாத்திரைகள் அடுப்புச் சாம்பலில் கிடந்ததைக் கண்டேன். "அத முழுங்குனா அம்மா மெல்லமா பேசுறாங்கப்பா, கேக்க மாட்டேங்குது" என்றாள். போன வெள்ளிக்கிழமை வாசல்வரை கேட்டதென்று பூவம்மாவுக்கு ஒரே பெருமை. மறுநாள் பிள்ளை கண் மங்கி, சுவரைத் தடவித் தடவி நடந்தாள். குழாயை விரித்தால் சத்தம் நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். "அம்மாவ ரெண்டாந்தரமும் சாகக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று என்னைக் கேட்கிறாள். பெரியாயி போனபோது அவள் கைக்குழந்தை. அவளுக்கு வாய்த்த அம்மா அந்தச் சத்தம் மட்டும்தான்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். கண் மங்கிய அன்று பகல், படுத்திருந்தவள் என்னை "மாமா" என்று கூப்பிட்டாள். "மாமா, கொழுந்து நனையுது, மூடுங்க" என்றாள். உன் அம்மா மட்டுமே என்னை அப்படிக் கூப்பிட்டவள். அவள் மலையில் சாய்ந்த அன்று ஃபெக்டரியிலிருந்து நான் ஓடிப்போய் அவளை மடியில் தூக்கியபோது, கடைசியாகச் சொன்னதும் இதே சொல்தான். மற்றவர்கள் தூக்கிப்போகக் கம்பளி எடுக்கப் போயிருந்தார்கள். பக்கத்தில் யாருமில்லை. இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதுமில்லை.

பிரஷர் தலைக்கு ஏறினால் நோயாளி பிதற்றலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அது பிதற்றல்தான். இந்த வயதில் என்னை யாரும் வேறு மாதிரி நினைக்க வைக்க முடியாது.

பதுளையில் அந்த டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை என் காதிலும் மாட்டிவிட்டார். "நீங்களும் கேளுங்க ஐயா, அப்பதான் விளங்கும்" என்றார். எனக்கு ஏற்கனவே விளங்கியிருந்தது. ஆனாலும் கேட்டேன். "ஐயா போதும், குடுங்க" என்று அவர் பலமுறை கேட்ட பிறகுதான் கழற்றிக் கொடுத்தேன்.

நீ சொன்னால் துஷாந்தினி கேட்பாள். அம்மா சொன்னதாகச் சொல்லாதே, அந்தப் பொய்யை நான் பொறுக்கமாட்டேன். அக்கா சொல்கிறேன் என்று சொல். அந்த வெள்ளிக்கிழமை அவள் பாயில் படுக்கக் கூடாது, கொழும்பில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று டொக்டர் கேட்டார். சில குடும்பங்களில் இது தொடர்ந்து வருமாம். உனக்குத் தலைவலி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ மல்லாந்து படுத்துக்கொண்டு, உன் அறையில் இருக்கும் முஷ்ரிபாவை உன் தொப்புளுக்கு மேலே காது வைத்துப் பார்க்கச் சொல். ஒன்றும் கேட்காவிட்டாலும் டொக்டரிடம் போ. கேட்டால், என் தங்கமே, சந்தோஷப்பட்டுவிடாதே.

நீங்கள் இருவரும் எந்தச் சத்தமும் இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெங்கசாமி