கருநீலப் புடவை

வெள்ளிக்கிழமை, சிதம்பரம்

நேரங்கெட்ட நேரத்தில் உனக்கு எழுத உட்காருகிறேன் தோழி, மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

நான் ஆன்லைனில் விற்ற கருநீலப் புடவையைக் கடலூர் அக்கா ஒருவர் தன் தங்கையின் வளைகாப்புக்கு வாங்கியிருந்தார். பார்சல் பிரித்த வீடியோவைச் சாயங்காலம் அனுப்பினார். அதில் புடவை கருப்பாகத்தான் தெரிகிறது. பின்னாலேயே போனும் வந்தது.

"கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு உண்டாயிருக்கா. சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி பிரிச்சேன். நல்ல காரியத்துக்குக் கருப்பான்னு கேட்டுட்டு அவ மாமியா எழுந்து போயிட்டாங்க."

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

"காசு கெடக்குது. கருப்புன்னு தெரிஞ்சேதான் நீலம்னு போட்டியா? அத மட்டும் சொல்லும்மா."

நான் பதில் சொல்வதற்குள் அவர் வைத்துவிட்டார்.

எல்லாப் புடவையையும் மொட்டை மாடி வெயிலில் விரித்துத்தான் போட்டோ எடுப்பேன். அங்கே அது நல்ல நீலம். அதே ரகத்தில் மிச்சமிருந்த ஒன்றை ராத்திரி டியூப்லைட்டில் பிரித்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "இது என்னா கலர் மாமா?"

"கருப்பு. ஏன், ஒனக்குத் தெரியலயா?"

வீட்டுக்குள் வைத்து நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அழுகையும் வரவில்லை. போட்ட சோறு தட்டில் அப்படியே காய்கிறது.

கடைசியில் அந்த அக்காவுக்கு இப்படி அனுப்பினேன்: "தெரியாதுக்கா. வெயில்ல வச்சுத்தான் பாத்தேன், நீலமா இருந்துச்சு. வீட்டுக்குள்ளயும் பாத்திருக்கணும். தங்கச்சி எப்படி இருக்காங்க? சீக்கிரம் பதில் போடுங்க."