அப்பா இல்லாதபோது விரிந்த பவளம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய், இல்லையென்றால் இருப்பதாகப் பொய்யாவது சொல், மனசு ஆறும். உன் கண்ணாடித் தொட்டியில் மீன்களும் சுகம். அதில் நீ வளர்த்த உயிர்ப் பவளம்தான் சுகமில்லை. நீ ஃபோனில் கேட்கும்போதெல்லாம் உன் அப்பா "ஜம்முன்னு இருக்கு" என்று சொன்னாரே, அது பச்சைப் பொய். பக்கத்தில் நின்று ஆமாம் போட்டவள் நான்.

தொட்டியை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு நீ வேலைக்குப் போன புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சுருங்க ஆரம்பித்தது. காலையில் கொஞ்சம் விரிந்திருக்கும், மத்தியானத்துக்குள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஓரத்திலிருந்த பச்சைப் பவளம் வெளுத்து, உள்ளே எலும்பு தெரிந்து, போயே போய்விட்டது. நீ முதல் சம்பளத்தில் கட்டைவிரல் அளவுத் துண்டாக வாங்கி வந்து வளர்த்தாயே, அந்த ஊதாவும் அதே வழியில் போகப் பார்த்தது. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "பிள்ளை நம்பிக் கொடுத்துட்டுப் போச்சு, கொன்னுட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்" என்று புலம்பினார்.

ஆனால் காலமெல்லாம் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்த தணிக்கைக்காரர் அல்லவா, விசாரணை தொடங்கிவிட்டது. தண்ணீரில் உப்பு சரி, சூடு சரி, நீ வைத்துவிட்டுப் போன சோதனைக் குப்பிகளில் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்த்தார், அதுவும் சரி. உடனே சந்தேகம் என் பக்கம் திரும்பியது. நான் தரை துடைக்கும் மருந்து, நான் வதக்கும் புகை, என் மிக்ஸி சத்தம் வரைக்கும் குற்றவாளி. ஒரு வாரம் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை, இரண்டு பேரும் வேகவைத்ததையே தின்றோம். அப்புறம் மீன்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு "லைட் பழசாயிடுச்சு சார்" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டினார். அந்த வெளிச்சத்தில் என் நரைமுடிகூட நீலமாகத் தெரிந்தது, பவளம் அசைந்து கொடுக்கவில்லை.

இதற்கு நடுவில் உன் அத்தை வழுக்கி விழுந்து காலில் கட்டுப்போட்டுக்கொண்டாள். அப்பா துணைக்குப் போய்க் கொஞ்ச நாள் தங்கினார். மீனுக்கு எத்தனை சிட்டிகை தீனி என்று வாசலிலிருந்து மறுபடி திரும்பி வந்து சொன்னார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், ஊதா மெல்ல மெல்ல விரிந்து தளதளவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. நான் பெரிய கைராசிக்காரி என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். அவர் திரும்பி வந்தார், மறுநாளே மூடிக்கொண்டது. "உங்க மூஞ்சியே அதுக்குப் பிடிக்கல, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்" என்றேன். வழக்கமாகப் பதிலுக்குச் சண்டைக்கு வருவாரே, அன்று தொட்டியை விட்டு எட்டப் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தண்ணீரும் விளக்கும் அப்படியேதான் இருந்தன, போய் வந்தது இந்த மனுஷன் ஒருவர்தான்.

மறுநாள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்தார், தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து முதுகைக் காட்டி ஏதோ செய்தார், பனியனோடு நின்று தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சாய்ந்ததையெல்லாம் நிமிர்த்தி வைத்தார். கையை எடுத்ததும் தண்ணீர்மேல் எண்ணெய் மினுமினுத்தது. அவர் நகர்ந்ததும் அலமாரியைத் திறந்தால், உப்புப் பைக்குப் பின்னால் வலித்தைலம், முக்கால் பாட்டில் காலி! எனக்குத்தான் வருஷம் முழுக்க மூக்கடைப்பு ஆயிற்றே, வாசனை எங்கே தெரிகிறது, அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

நடந்தது இதுதான். தண்ணீர் மாற்ற வாளி வாளியாகத் தூக்கித் தோள் பிடித்துக்கொண்டது. சொன்னால் நான் உன்னிடம் ஒப்பித்துவிடுவேன் என்று ஒளித்துத் தைலம் தேய்த்திருக்கிறார். தேய்த்த கையையே தொட்டிக்குள் விட்டிருக்கிறார். பவளம் வாடியதும் தண்ணீரில்தான் கோளாறு என்று இன்னும் வாளி தூக்கியிருக்கிறார், வலி கூடிவிட்டது, தைலமும் கூடிவிட்டது. வாய் வலிக்கத் திட்டினேன். திட்டி முடித்து நானே அழுதேன். டாக்டர் எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது எண்ணெயை உறிஞ்சும் கரிப்பை போட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்தாயிற்று, நான்தான் சொம்பு சொம்பாக மாற்றுகிறேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறார். ஊதா பாதி விரிந்திருக்கிறது. பிழைத்துக்கொள்ளும்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஃபோனை எடுத்ததும் நீ "பவளம் எப்படிப்பா இருக்கு" என்றுதான் கேட்கிறாய். அடுத்த தடவை நீயாகக் கேட்பது போல முதலில் அவர் தோளைப் பற்றிக் கேள். ஆனால் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதே. நான் கோபத்தில் அப்படிச் சொன்னதற்கு உன் அப்பா என்ன கேட்டார் தெரியுமா? "தொட்டி போயிட்டா அவ எங்கிட்ட வேற என்னத்தைக் கேட்பா?" என்றார். அதற்குப் பதில் நீதான் சொல்லவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு கண்ணே. தோள்வரை வரும் ரப்பர் கையுறை அங்கே கிடைத்தால் இரண்டு ஜோடி அனுப்பு, அவரை எவ்வளவு நாள்தான் நாற்காலியில் கட்டிப்போட முடியும்.

தைலம் படாத கையால்,
உன் அம்மா