தனியறையில் நாற்பது நிமிஷம்

6 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

வழக்கு போட்டது நீ, லெட்டர் போடறது நான். போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷமே சண்டை வருது, அதான்.

கோர்ட் கொடுத்த மூணு பேர் பட்டியல்ல நீ அந்த ரிட்டயர்டு ஜட்ஜ் அம்மாவை மத்தியஸ்தரா டிக் பண்ணியிருக்கே. நானும் அவங்களைத்தான் பண்ணினேன். பத்து வருஷத்துல நாம ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

அப்பா வீட்டை ரெண்டா வெட்டினா கீழே என் தையல் கடை நிக்காது. மூணு மெஷினும் கட்டிங் டேபிளும் எங்கே போடுவேன், சொல்லு. மூட்டு வலிக்கு மாத்திரை ஒழுங்கா போடறியா?

தம்பி

20 ஜூன்

அன்புத் தம்பிக்கு,

மாத்திரை போடறேன். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு. துணியில மட்டும் எப்படிடா நேர்க்கோடு வருது?

நேத்து முதல் நாள் பேச்சுல நீ என்னைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சே. அதுவே எனக்குப் பெரிசு. அந்த அம்மா நம்மளைத் தனித்தனியா அறைக்குள்ள கூப்பிட்டுப் பேசினாங்க இல்ல, அங்கே நான் சொன்னதை நான் சரின்னு சொல்ற வரைக்கும் அவங்க உன்கிட்ட சொல்லக் கூடாதாம். நீ சொன்னதும் அப்படித்தான். ஒரு வாரம் பொறு. நல்லதே நடக்கும்.

அக்கா

24 ஜூன்

அக்கா,

மத்தியஸ்தரை மாத்தச் சொல்லி மனு போட்டுட்டேன். கோபப்படாதே.

அன்னைக்கு வெளியே பெஞ்சுல உக்காந்து கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். என்கூட எட்டு நிமிஷம், உன்கூட நாற்பது. நீ வெளியே வரும்போது அந்த அம்மா உன் தோள்ல கை வெச்சிருந்தாங்க. நேரா வக்கீல்கிட்ட போனேன். பாரபட்சம்னு எழுதினாத்தான் மனு நிக்கும்னு வக்கீல் சொன்னார், எழுதிட்டேன்.

கோர்ட் ஒத்துக்கிட்டா, அந்தப் பட்டியல்ல இருக்கற ரிட்டயர்டு இன்ஜினியர் மத்தியஸ்தரா வருவார். எல்லாத்தையும் முதல்லேருந்து கேப்பாராம். நீ கொஞ்சம் விட்டுக்கொடு, முடிச்சிடலாம்.

தம்பி

14 ஜூலை

தம்பிக்கு,

அந்த நாற்பது நிமிஷம் என்ன பேசினேன்னு இப்போ சொல்றேன். வீட்டை முழுசா தம்பி பேருக்கே எழுதிடறேன், மாடி ரூம்ல என் ஆயுசு வரைக்கும் இருந்துக்கறேன்னு சொன்னேன். அதுக்கு மூணு நிமிஷம்கூட ஆகலை. மிச்ச நேரமெல்லாம் அந்த அம்மாதான், அவசரப்படாதீங்க, உங்க பாதியை ஏன் விடறீங்க, ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அழுகை வந்துடுச்சு. அதான் தோள்ல கை வெச்சாங்க. யோசிச்சேன். என் முடிவு மாறவே இல்லை.

அப்புறம் உன் மனு நகல் வந்தது. மத்தியஸ்தரை நான் கைக்குள்ள போட்டுக்கிட்டேன்னு அதுல இருக்கு. வக்கீல் வார்த்தைன்னு நீ சொல்லலாம். கீழே கையெழுத்து உன்னோடதுதான்.

நேத்து இன்ஜினியர் என்ன வேணும்னு கேட்டப்போ சட்டப்படி பாதின்னேன். கடை போயிடும்னு தெரிஞ்சுதான் சொன்னேன். நீ பதறினே. எனக்கு ஒண்ணுமே தோணலை. அதுதான்டா எனக்குப் பயமா இருந்தது. சமரசம் ஆகலைன்னு எழுதி அவர் ஃபைலை கோர்ட்டுக்கே அனுப்பிட்டார்.

இதைப் படிச்சுட்டு ஓடி வராதே. அந்த அம்மாவையே திரும்பக் கேக்கலாம்னும் சொல்லாதே. அவங்க வந்தாலும் அன்னைக்கு சொன்னதை என்னால இனிமே சொல்ல முடியாது.

விசாரணை பதினெட்டாம் தேதி. அன்னைக்கு என் பக்கத்துல வந்து உக்காராதே.

அக்கா