முகமூடி இல்லாத வேலைக்காரி

யூலை 10, புதன்

கச்சான் காற்று விடுவதாயில்லை. முற்றத்துக் குரோட்டனை இன்றும் ரோட்டில் திரிகிற மான் தின்றுவிட்டது. கேற்றைச் சாத்திவிட்டுப் போகும்படி பால்காரரிடம் எத்தனை தரம் சொல்வது.

கிண்ணியாவிலிருந்து பஹ்மியா ரெலிபோன் எடுத்தாள். றஹ்மாவின் மகள். "அன்ரி, உம்மா இப்ப ஆக்கள மட்டுக்கட்டுறா இல்ல. சில நேரம் என்னையே ஆரெண்டு கேக்கிறா. டொக்டர் இதுக்கு மேல மருந்தில்ல எண்டிட்டார். நீங்க ஒருக்கா வந்தா நல்லம்."

கொன்வென்ற்றில் ஐந்து வருடம் நானும் றஹ்மாவும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். மகளை மறக்கலாம். என்னை மறக்க மாட்டாள்.

யூலை 14, ஞாயிறு

கஞ்சி போட்ட சேலை உடுத்து, மஸ்கற் இனிப்பு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். றஹ்மா யன்னலடிக் கதிரையில் இருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பதான் வாறியா? குசினி கூட்டாமக் கெடக்கு. இந்தக் கோப்பைய எடு."

பஹ்மியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் நிமிர்ந்து நின்று, ரீச்சர் வகுப்பில் கதைப்பது போலக் கதைத்தேன். "றஹ்மா, நான் இராசமலர். நான் வேலைக்காரி இல்லை."

அவளுடைய முகம் மாறிப்போயிற்று. கோபமில்லை, பயம். நான் பெயர்களைச் சொல்லச் சொல்ல, வருடங்களைச் சொல்லச் சொல்ல, முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். "இவ ஆரு? பஹ்மியா, இவவ வெளிய அனுப்பு."

மஸ்கற்றை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

யூலை 15

நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பள்ளிக்கூடப் படத்தைச் சட்டத்தோடு கொண்டுபோனேன். இது நீ, இது நான், இது சிஸ்டர் என்று விரல் வைத்துக் காட்டினேன். தட்டிவிட்டாள். கண்ணாடி உடைந்தது. பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

பஹ்மியா கேற் வரைக்கும் வந்தாள். "கோவிக்காதீங்க அன்ரி. போன முறை நீங்க போன பொறகு ரெண்டு நாள் உம்மா சாப்பிடல்ல. கொஞ்ச நாளைக்கு வராம இருந்தா..."

"ஓம்" என்றேன்.

பஸ்ஸில் யாரோ எழும்பி இடம் தந்தார்கள். அழுவது தெரிந்துவிட்டதாக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

உடைந்த சட்டத்திலிருந்து படத்தை எடுத்தேன். 1963. இத்தாலியிலிருந்து வந்த சிஸ்டர் அஸுந்தா எங்களுக்கு அவ நாட்டு முகமூடிக் கூத்தைப் பழக்கிய வருடம். எழுதிய வசனம் கிடையாது. கதை இன்னது என்று ஒரு தாளில் பத்து வரி எழுதித் திரைக்குப் பின்னால் குத்திவிடுவா. மிச்சத்தை மேடையில் நின்று நாங்களே கதைக்க வேண்டும். ஆட்கள் மட்டும் என்றைக்கும் மாற மாட்டார்கள். கஞ்சக் கிழவர், புளுகுகிற பட்டாளக் கப்பித்தான், காதலர்கள், எசமானை ஏய்க்கும் வேலைக்காரி. கிழவருக்கு மூக்கு வரைக்கும் முகமூடி. வேலைக்காரிக்கு முகமூடி இல்லை. வெறும் முகத்தோடுதான் வருவாள்.

நான் கிழவர். றஹ்மா வேலைக்காரி. ஈ இலையான் பிடித்துச் சிறகு பிய்த்துத் தின்பது போல ஒரு சேட்டை செய்வாள். மண்டபம் அதிரும்.

நான் சிஸ்டருக்குத் தெரியாமல் என் வசனங்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். மேடையில் றஹ்மா குடையோடு ஓடிவந்து, "ஐயா, மழை கொட்டுது, உள்ளுக்கு வாங்கோ" என்றாள். என் கொப்பியில் மழை இல்லை. "மழை இல்லை" என்றேன். அவள் விரித்த குடையோடு அப்படியே நின்றாள். கதை அதோடு செத்துப்போயிற்று.

சிஸ்டர் ஏசவில்லை. "அவள் மழை என்றால் மழைதான் பிள்ளை. இல்லை என்று சொன்னால் அவளுக்கு நிற்க இடமில்லை" என்றா, அவ்வளவுதான். நான் மூன்று நாள் சிஸ்டரோடு கதைக்கவில்லை. நான் சொன்னது சரிதானே. மழை எங்கே பெய்தது?

ஆகஸ்ட் 7

அறுபத்தொரு வருடம் கழித்து மறுபடியும் மழை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தோட்டையும் கைமணிக்கூட்டையும் கழற்றி அலுமாரியில் வைத்தேன். வீட்டில் உடுக்கும் பழைய நூல் சேலை. பஹ்மியாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். குசினி வாசலால் நுழைந்தேன்.

"அன்ரி, இது சரியில்ல. ஆரும் கண்டா என்ன சொல்லுவாங்க?"

"விளக்குமாறைத் தா பிள்ளை."

கூட்டினேன். முதுகு பிளந்தது. கதிரையிலிருந்து சத்தம் வந்தது: "மூலைக்குள்ள ஆரு கூட்டுற, உன்ட வாப்பாவா?"

"கூட்டுறன் அம்மா."

"பேரென்ன உனக்கு?"

என் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. "நீங்கள் எப்பிடிக் கூப்பிடுவீங்கள்?" என்றேன்.

"செல்லம்மா எண்டுதானே கூப்பிடுற. பேரையும் மறந்திட்டாளாம்."

தேத்தண்ணியில் இலையான் வந்து இருந்தது. என்ன நினைத்தேனோ, கையை வீசிப் பிடித்தேன். ஒரு சிறகைப் பிய்த்தேன். மற்றதைப் பிய்த்தேன். வாயில் போட்டு மென்றேன். றஹ்மா உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், இருமல் வரும் வரைக்கும். "பைத்தியக்காரி. இலையான் திங்கிறாள்."

அது தன்னுடைய சேட்டை என்று அவளுக்குத் தெரியவில்லை. கோப்பையைக் கழுவிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் பத்து நாள் சொல்லிச் சிரித்திருப்பார்.

செப்டெம்பர் 1, ஞாயிறு

தேத்தண்ணிக்குச் சீனி காணாதாம், கசக்குதாம். ஏச்சு.

செப்டெம்பர் 15, ஞாயிறு

இன்றைக்கு ஏசவில்லை. சோற்றைக் குழைத்து வாயில் தீத்தினேன். நாலு வாய். மெலிந்துவிட்டாள். ஏசாதது எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டெம்பர் 29, ஞாயிறு

றஹ்மாவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். கைக்குப் பிடிக்க மயிரே இல்லை.

"செல்லம்மா, எனக்கொரு கூட்டாளி இருக்காள். மலரெண்டு பேர். கொன்வெண்டில ஒண்டாப் படிச்சம். சரியான பெருமைக்காரி. ஒரு நாளும் வந்து என்னப் பாக்கல்ல பாரு."

சீப்பு நின்றுவிட்டது. வாசலில் நின்ற பஹ்மியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"வருவா அம்மா" என்றேன்.

"எப்ப?"

"இண்டைக்கு."

றஹ்மா யன்னலைப் பார்த்தாள். வெளியே கண் கூசுகிற வெயில். "இந்த மழைக்குள்ள எப்பிடி வருவாள்? நனைஞ்சிருவாள். குடையக் கொண்டு போய் ரோட்டில நில்லு, செல்லம்மா."

பஹ்மியா குடையை எடுத்துத் தந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கேற்றடிக்குப் போய் விரித்துப் பிடித்தேன். சைக்கிளில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யன்னலுக்குள்ளிருந்து றஹ்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

அரை மணித்தியாலம் நின்றேன். மலர் வரவில்லை.